பிரதிஷ்டை செய்த பெடல்

சபைப் போதகரான ஐயர் பிரசங்க மேடையில் ஏறி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பிரியமானவர்களே, இந்தக் காலை வேளையிலே நன்றியறிதலைப் பற்றி மூன்று காரியங்களைத் தியானிப்போம்" என்று ஆரம்பித்ததும், ஐசக் கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். மூன்று காரியம் என்றால் முப்பத்தைந்து நிமிஷம். தூத்துக்குடியில் இந்தச் சபைக்கு வருகிற குழந்தைக்குக்கூட அது தெரியும். முப்பத்தைந்து நிமிஷம் கம்பியில் கை வைக்கக் கூடாது. வைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பது இந்தக் கட்டடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுடைய வலது கால் பெருவிரலுக்கு முன்னால், சோப்புப் பெட்டி அளவில், நாலு பொத்தானும் நகத்தளவு திரையும் ஒரு பச்சை விளக்குமாக, கிட்டார் சத்தத்தை மாற்றிக் கொடுக்கிற அந்தப் பெடல் உட்கார்ந்திருந்தது. அதன் பக்கவாட்டில் வெள்ளை எழுத்து: தேவ மகிமைக்கென்று அன்பளிப்பு, கிங்ஸ்லி குடும்பத்தார், தகப்பனார் நினைவாக. இந்தக் கோயிலில் பேர் இல்லாத பொருள் எது இருக்கிறது? ஃபேனுக்கு மூன்று இறக்கை, மூன்றிலும் பேர். சுற்றுகிறபோது படிக்க முடியாது, கரண்ட் போனால்தான் யார் கொடுத்தது என்று தெரியும். பெஞ்சில் பேர், மைக் ஸ்டாண்டில் பேர், தண்ணீர் டம்ளரில்கூடப் பேர். இன்று ஆராதனை தொடங்கினதும் ஐயர் இந்தப் பெட்டி மேலும் கை வைத்துப் பிரதிஷ்டை ஜெபம் பண்ணினார். அதற்கு முன்னால் ஒரு குழப்பம் வந்தது. கை வைத்து ஜெபித்த பொருளைக் காலால் மிதிக்கலாமா என்று, பாடகர் குழுவை நடத்துகிற கனகமணி டீச்சர் கேட்டுவிட்டார். "அதுக்குத்தான் டீச்சர், அப்பா பேரப் பக்கத்துல போட்டுருக்கேன். பெருவிரல் மட்டுந்தான் படும், அதுவும் பொத்தான்ல" என்றான் கிங்ஸ்லி. எல்லாரும் சிரித்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிற கோயில் என்பதால் வெறும் பெருவிரல்தான். யாருடைய பெருவிரல் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உள்ளே ஓடுவதை யார் எழுதினது என்றா கேட்கப் போகிறார்கள்? உள்ளே ஒன்று ஓடுகிறது என்பதே இவர்களுக்குத் தெரியாது.

காலையில் ப்ளக்கைச் செருகினபோது திரையில் ஒரு நொடி வந்து மறைந்த எண்தான் அவனைப் பிடித்துக்கொண்டது. 0.7. நேற்று ஒத்திகைக்கு அவன் போய்ச் சேர்வதற்குள் கிங்ஸ்லி பெட்டியை ஓட விட்டிருந்தான், அதனால் பார்க்கவில்லை. இன்று பார்த்தான். 0.7 என்றால் பழைய பதிப்பு. 0.7 என்றால் அந்த வரி அதில் இல்லை. ஆறு வருஷம், வேலை முடிந்து வந்த நேரமெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அவன் எழுதிய மென்பொருள் அது: கிட்டார் சத்தத்தை வாங்கி, கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்து, பெரிய கல் மண்டபத்தில் வாசித்த மாதிரி எக்கோ போட்டு வெளியே விடும். எக்கோ என்றால் என்ன, போன சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி உள்ளே விடுவது, அதை இன்னும் கொஞ்சம் குறைத்து மறுபடி விடுவது. குறைந்துகொண்டே போகும், ஆனால் பூஜ்யம் ஆகாது. கேட்கிறவன் காதில் எப்போதோ செத்துப்போன சத்தத்தை உள்ளே இருக்கிற சிப் இன்னமும் பெருக்கிக்கொண்டிருக்கும். எண் பொடியாக ஆக அதற்கு வேலை குறையாது, கூடும். புள்ளிக்குப் பின்னால் நாற்பது பூஜ்யம் போட்டுப் பெருக்கல் செய்யச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எப்படித் திணறுமோ அப்படித் திணறும். திணறிப் பின்தங்கி, உள்ளே வருகிற சத்தமும் வெளியே போகிற சத்தமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிட்டால் அப்புறம் ஒட்டவே ஒட்டாது. அடுத்துக் கம்பியைத் தொட்டதும் ஸ்பீக்கரில் வருவது தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்தான். கரண்டைப் பிடுங்கித் திரும்பச் செருகினால்தான் சரியாகும். ஒரு மழைநாள் மத்தியானம் இதைக் கண்டுபிடித்தான். அன்றைக்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினான்: இவ்வளவுக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே வைத்துக்கொள். அந்த வரி 0.8இல் இருக்கிறது. 0.8 அவன் வீட்டு லேப்டாப்பில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. சாதாரணமாக இந்தக் கோளாறு தலைகாட்டாது. வாசிக்கிறவன் கை சும்மா இருக்காது, ஏதாவது ஒரு இரைச்சல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆனால் டியூப்லைட் இரைச்சல் கிட்டாரில் ஏறுகிறது என்று கனகமணி டீச்சர் அந்தக் காலத்தில் நச்சரித்ததால், வாசிக்காதபோது பெட்டிக்குள் சத்தம் நுழைகிற வாசலை முழுசாக அடைத்துவிடுகிற ஒரு ஏற்பாட்டையும் அவனே எழுதி வைத்தான். ஆக, கோளாறு வெளிவர ஒரு பொட்டு சத்தம் இல்லாத அமைதி வேண்டும், அதுவும் நீளமாக வேண்டும். உலகத்தில் வேறெந்தக் கச்சேரியில் கிட்டார்க்காரன் முப்பத்தைந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்?

"முதலாவது காரியம்" என்றார் ஐயர். முதல் பெஞ்சில் கிங்ஸ்லி புது வெள்ளைச் சட்டையில் தலையை ஆட்டினான். எப்போதும் இப்படித்தான் ஆட்டுவான், புரிந்தாலும் ஆட்டுவான் புரியாவிட்டாலும் ஆட்டுவான். அவன் பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த இரண்டு பேர். இசைக்கருவிக் கடைக்காரர்கள். பெடலை நேரில் கேட்டுவிட்டுக் கடையில் எடுத்து வைப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண வந்திருக்கிறார்கள் என்று கனகமணி டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டு, "நம்ம கிங்ஸ்லி பெரிய ஆளாயிட்டான் பாத்தியா ஐசக், என்ன மூளை!" என்றார். என்ன மூளை. ஐசக் அதற்கும் சிரித்து வைத்தான். லேப்டாப்பை ஆல்டர் மேடைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்து வாசித்த நாட்களில், கோயிலுக்குள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இவன் என்ன கிரிக்கெட்டா பார்க்கிறான் என்று கேட்டவர்கள்தான் இந்தச் சபையார். அப்போதுதான் கிங்ஸ்லி வீட்டுக்கு வந்து, "ஏல, இத ஒரு பெட்டிக்குள்ள போட்டுருவோம்ல. போர்டு நான் பாத்துக்கிடுதேன், கோட் ஒன்னுது. ரெண்டு பேர் பேரும் போட்டுருவோம்" என்றான். ரெண்டு பேர் பேரும். ஐசக்கின் காதில் அது அட்சரம் பிசகாமல் இருக்கிறது. அன்றைக்கு இருந்த 0.7ஐ ஐசக் ஒரு பென் டிரைவில் முழுசாக அள்ளிக் கொடுத்தான். அப்புறம் ஐசக்குக்கு வேலை போனது, வேறு வேலை தேடி கோயம்புத்தூரில் எட்டு மாசம் கிடந்தான், திரும்பி வந்தபோது பெட்டி தயாராகி வெளியூருக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்கு மேல் கிங்ஸ்லி பேர் மட்டும். கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை, என்னல இது, என் பேர் எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சின்னத்தனமாகத் தெரியுமோ என்று இருந்துவிட்டான். அவனாக வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டான். அவன் வரவில்லை, இவன் கேட்கவில்லை, இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தெருவில் பார்த்தால் தலையாட்டல், கோயிலில் பார்த்தால் தோத்திரம். ஐசக்கின் மனைவி பியூலாதான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "முடிஞ்சு போனதப் போட்டு இன்னும் நோண்டிக்கிட்டே இருக்கிய. ஒண்ணு போய்க் கேளுங்க, இல்லன்னா விட்டுத் தொலைங்க" என்றாள். இரண்டும் அவனால் முடியவில்லை. பல் தேய்க்கும்போது கேட்பான், குளிக்கும்போது கேட்பான், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிங்ஸ்லியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு, அதற்கு கிங்ஸ்லி சொல்லும் பதிலையும் தானே சொல்லி, அதற்கும் ஒரு பதில் கொடுத்து, ஸ்டாப்பைத் தவறவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவான். நேரில் பார்த்தால் தோத்திரம் பிரதர்.

பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறியது. அந்த விளக்கும் ஐசக் வைத்ததுதான், சிப் சுகமாக இருந்தால் பச்சை, திணறினால் ஆரஞ்சு. மற்றவர்களுக்கு அது அழகுக்கு வைத்த விளக்கு. வந்துவிட்டது. இனி பெட்டி உள்ளுக்குள் விலகிக்கொண்டே போகும், வெளியே ஒரு சத்தமும் வராது, வாசல்தான் அடைத்திருக்கிறதே. பிரசங்கம் முடிந்து ஒரு சின்ன ஜெபம், ஆமென், உடனே காணிக்கைப் பாட்டு. பாட்டின் முகப்பில் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும், சபைக்குச் சத்தம் தெரியட்டும் என்று கிங்ஸ்லி ஆசைப்பட்டுக் கேட்டது. முதல் கம்பியைத் தட்டினதும் கூரை ஓடு அதிர்கிற மாதிரி அலறும். நானூறு தலையும் திரும்பும். ஐயர் கண்ணாடியைக் கழற்றுவார். மதுரைக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். கிங்ஸ்லியின் காது சிவக்கும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டாலே சிவக்கிற காது அது. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான் ஐசக். ஒவ்வொரு தடவையும் காது இன்னும் கொஞ்சம் சிவந்தது. ஒரு தடவை கிங்ஸ்லியின் மனைவி எழுந்து வெளியே போனாள். ஒரு தடவை மதுரைக்காரர் எழுந்து, இது யார் எழுதினது என்று கேட்டார். அந்த இடம் இனித்தது, அதை இன்னொரு தடவை ஓட்டினான். தான் ஒன்றும் செய்யவில்லை என்பது இதில் பெரிய சௌகரியம். எதையும் உடைக்கவில்லை, எந்த ஒயரையும் அறுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறான், பிரசங்கம் கேட்கிறான். பிரசங்க நேரத்தில் சும்மா உட்காருவது பாவமா? "நன்றி கெட்டவன் யார் என்றால்" என்றார் ஐயர், யார் என்று சொல்வதற்குள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பெருவிரலுக்கு ஒரு ஜாண் தள்ளித்தான் கரண்ட் ஒயர் பெட்டிக்குள் நுழைந்திருந்தது. காலாலேயே இழுத்துவிடலாம், குனிந்து செருகிவிடலாம். பெட்டி திரும்ப எழுந்து வர இருபது நொடி. ஆமென் சொல்வதற்குள் செய்தால் ஒருத்தருக்கும் தெரியாது, காணிக்கைப் பாட்டு நன்றாக வரும், மதுரைக்காரர்கள் தலையாட்டுவார்கள், என்ன மூளை என்பார் டீச்சர். என்ன மூளை. வேண்டாம். கிடக்கட்டும்.

இரண்டாவது காரியம் எப்போது வந்தது எப்போது போனது என்று தெரியவில்லை. ஐயருக்கும் பசித்திருக்க வேண்டும். மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேனா இல்லையா என்று ஐசக் யோசித்தான், வாங்கிக் கொடுத்தான், பாறை மீன், பியூலா குழம்பு கூட்டியிருப்பாள். மீன் குழம்பு என்றதும் நினைக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த அந்த நாள் வந்து நின்றது. கிங்ஸ்லி வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறை, துணி தேய்க்கிற மேஜை, அதன் மேல் மூடியில்லாத பெட்டி, உள்ளே பச்சைப் போர்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. ஏழெட்டு மணி நேரமாக ஊமையாக இருந்தது. கிங்ஸ்லி ஒரு இடத்தில் ஈயத்தை உருக்கிச் சூடு வைத்தான், ஐசக் ஒரு எண்ணை மாற்றினான், கம்பியைத் தட்டினான், அந்தச் சின்ன அறைக்குள் அவ்வளவு பெரிய கல் மண்டபம் திறந்தது. இரண்டு பேரும் கத்தினார்கள். கிங்ஸ்லியின் அம்மா கரண்டியோடு ஓடி வந்து, "எவன்ல ஷாக் அடிச்சுக் கெடக்கான்?" என்றாள். கிங்ஸ்லி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தான், தேய்ப்புப் பெட்டி கீழே விழுந்து தரை ஓட்டில் கீறல் விழுந்தது, அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டான். அந்த நாளை ஐசக் வெறுத்தான். அது மட்டும் இல்லையென்றால் கிங்ஸ்லியை நிம்மதியாக வெறுக்கலாம். அவனும் சூடு வைத்தான்தானே. அவன் கையும் சுட்டதுதானே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறியவன் அவன், ஐசக் ஏறியிருக்க மாட்டான், வாசல்வரை போய்த் திரும்பி வருகிற ஜாதி இவன். ஆனால் ஒரு பேர். ஒரு ஓரத்தில், பொடி எழுத்தில். அதற்கு என்ன குறைந்து போகும்? "மூன்றாவதும் கடைசியுமான காரியம்" என்று ஐயர் குரலை உயர்த்தினார். ஐசக்கின் கால் தானாக நகர்ந்து ஒயர் மேல் போய் நின்றது. பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் ஒயரைப் பிடித்துக்கொண்டான். டீச்சர்தானே கேட்டார், ஐசக் நீயே வாசி, கிங்ஸ்லியும் நீதான் வாசிக்கணும்ங்கான் என்று. அவனாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறான். அது சமாதானத்துக்குத்தான் இருக்கும். பேசத் தெரியாதவன் அப்படித்தானே கூப்பிடுவான், தனக்கும்தான் பேசத் தெரியவில்லை. இழுத்துவிடலாம். ஐயர் மெதுவாகக் கண்ணை மூடினார், சபை தலை குனிந்தது, ஜெபம். இழுத்துவிடு. அப்போது முதல் பெஞ்சில் கிங்ஸ்லி மட்டும் தலையைக் குனியாமல் மதுரைக்காரரின் காதில் ஏதோ சொல்லி, பெடலை நோக்கி விரலை நீட்டி, பிறகு அந்த விரலைத் தன் நெஞ்சில் வைத்தான். ஒரு நொடிதான். ஐசக்கின் விரல்கள் விரிந்தன. ஒயர் தரையில் படுத்தது. ஆமென் என்றது சபை, அவனும் சேர்ந்து சொன்னான்.

கம்பியைத் தட்டினான். நினைத்ததைவிட மோசமாக இருந்தது. தகரம், கண்ணாடி, பன்றியை அறுக்கிற சத்தம், எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் நின்று நின்று அலறியது, அவன் கையை எடுத்த பிறகும் அலறியது. பின் வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. காணிக்கைப் பையோடு எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். ஒலிபெருக்கி மிக்ஸரில் இருந்தவர் எதையோ திருகி அடக்கினார். ஐசக் கிங்ஸ்லியின் காதைத் தேடினான். தேடும்போதுதான் நானூறு தலையும் திரும்பியிருப்பது தன் பக்கம் என்று கண்டான். பெட்டியை யார் பார்ப்பார்கள்? பெட்டி காலடியில் கிடக்கிறது, கிட்டாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன்தான் கண்ணில் படுவான். முப்பத்தைந்து நிமிஷமாக எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பான், ஒரு தடவையாவது இது தோன்றியதா?

"ஐசக், என்னத்தப்பா மிதிச்ச?" என்று கனகமணி டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஐயர் மைக்கில் சிரித்து, "பரவாயில்ல, பரவாயில்ல. புதுப் பொருள் பாருங்க, நம்ம தம்பிக்கு இன்னும் கால் பழகல" என்றார். சபையும் அன்பாகச் சிரித்தது. அந்த அன்புதான் அவனைச் சுட்டது. மதுரைக்காரர்களில் ஒருவர் இவனைப் பார்த்துவிட்டு, பாவம் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

கிங்ஸ்லி எழுந்து வந்தான். அவசரமே இல்லை. பெடலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒயரை இழுத்து, திரும்பச் செருகினான். திரையில் எண் வந்து போனது. தலையைத் தூக்காமல் மெதுவாகப் பேசினான்.

"சத்தமில்லாமக் கெடந்தா ஹேங் ஆயிருது, பாத்தியா? வெளியூர்லயும் ரெண்டு பேரு சொல்லிட்டாவ. ஆறு மாசமா மண்டைய ஒடச்சிட்டேன்ல, எனக்குப் பிடிபட மாட்டேங்கு. அது நீ எழுதுன எடம். ஒன்னத் தவிர எவனுக்குத் தெரியும்? அதுக்குத்தான் டீச்சர்ட்டச் சொல்லி ஒன்னய வாசிக்கச் சொன்னதே. நேர்ல ஒருக்காப் பாத்தா கண்டுபிடிச்சிருவன்னு தெரியும். நேத்து ஒத்திகைலயே வரும்னு பாத்தேன், வரல."

ஐசக் கிட்டாரைப் பிடித்தபடி அவன் உச்சந்தலையையே பார்த்தான். நீ எழுதினது. இந்த ஒரு வார்த்தையைக் கிங்ஸ்லி வாயால் கேட்கத்தான் இரண்டு வருஷம் காத்துக் கிடந்தான். சொல்லிவிட்டான். கல் மண்டபத்துக்குச் சொல்லவில்லை, கரகரப்புக்குச் சொல்லவில்லை, ஆறு வருஷத்துக்குச் சொல்லவில்லை. பிழைக்குச் சொன்னான். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் கிங்ஸ்லியுடையது, தப்பு மட்டும் ஐசக்குடையது. தப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை.

"கோவத்துல இருக்கன்னு தெரியும்ல. இத மட்டும் சரி பண்ணிக் குடுத்துரு" என்றான் கிங்ஸ்லி. விளக்கு பச்சையானது.

"வாரேன்" என்றது ஐசக்கின் வாய். "புதன்கிழமை வாரேன்."

கிங்ஸ்லி அவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சபையைப் பார்த்துக் கும்பிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். டீச்சர் கையை உயர்த்தினார். ஐசக் கம்பியைத் தொட்டான். மிக்ஸர்காரர் சத்தத்தைக் கூட்டினார், கோயில் முழுக்க அது எழும்பிப் போய்க் கூரையைத் தொட்டுத் திரும்பி வந்தது, சிணுங்கின குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.